பஸ்ஸுக்கு முன்னால்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. நல்ல நீளமான பெயர். ஆனால் அது ஓட்டுநர் உரிமத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. பணிமனையில் அவள் 'டிரைவரக்கா'. கணவருக்கு 'இந்தாம்மா'. பிறந்த வீட்டிலோ 'பாதி'. இந்தக் கடைசிப் பட்டம் அண்ணன் சூட்டியது.

பத்தாவது படிப்பைப் பாதியில் விட்டாள். தையல் வகுப்புக்குப் போய், ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு திரும்பி வந்தாள். அந்தச் சட்டை வெகுகாலம் அலமாரியில் கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதை எடுத்துப் பிரித்துக் காட்டுவார். தட்டச்சும் அப்படித்தான், நீச்சலும் அப்படித்தான். நியாயமாகப் பார்த்தால் படிப்பை அவளாக விடவில்லை. அப்பா படுத்த படுக்கையானபோது கடையில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார், இவள் போய் உட்கார்ந்தாள். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் பிடித்த பிடி விடாதது ஸ்டியரிங்கை மட்டும்தான். நகரப் பஸ் ஓட்டத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதிலும் அண்ணன் குறை கண்டுபிடித்தார். அவள் ஓட்டும் தடம் நீளமானது. மதியம் சந்தை நிறுத்தத்தில் டூட்டி மாறும். அவள் இறங்குவாள், அடுத்த டிரைவர் ஏறுவார், அதே பயணிகளோடு பஸ் மேலே போய்விடும். பஸ்ஸைக்கூடப் பாதி வழியில் விட்டுவிட்டு வருகிறவள் இவள் ஒருத்திதான் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வது?

உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் வருவதெல்லாம் அவளுக்கும் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது, சர்க்கரை எட்டிப் பார்த்தது. வருஷாந்திரப் பரிசோதனையில் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இப்படியே போனால் உங்களை வண்டியிலிருந்து இறக்கி நாற்காலி வேலையில் போட்டுவிடுவார்கள் என்றார். அந்தப் பயத்தில் ஓட ஆரம்பித்தாள். முதல் டூட்டிக்கு முன்னால், பணிமனைக்குள்ளேயே, கழுவி நிறுத்திய பஸ்களைச் சுற்றிச் சுற்றி. தொடக்கத்தில் வண்டி கழுவுகிறவர்கள், அக்கா தன் பஸ்ஸைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தார்களாம். சர்க்கரை வந்த வழியே போய்விட்டது. ஓட்டம் போகவில்லை. அது பணிமனை வாசலைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்து, விடுமுறை நாட்களில் ஊர் எல்லை வரைக்கும் போய்த் திரும்புகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அண்ணன் வெளிநாட்டில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். அவர் இருக்கும் நகரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மாரத்தான் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், கூடவே கொசுறாகக் கொஞ்சம். தங்கை ஓடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் தொலைபேசியில் அழைத்தார். "நீயும் வாயேன். பாதி ஓடு, மிச்சத்துக்கு நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றாள்.

ஏன் சொன்னோம் என்று பிறகு தனியாக யோசித்துப் பார்த்தாள். ஒன்றையாவது முழுசாக முடிக்க வேண்டும், அதை அண்ணன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்னப்பிள்ளைத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அந்த ஆசை இடத்தை விட்டு நகரவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்தில் பொருத்துகிறவர். எதையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் பழக்கம். ஓட்டக்காரர்களுக்கு அனுப்பிய விதிகளையும் அப்படியே பார்த்தார். அதில் ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லோருக்கும் பின்னால் ஒரு பஸ் வரும். மெதுவாக, ஒரே வேகத்தில் வரும். அது யாரைத் தாண்டிப் போகிறதோ அவருக்கு ஓட்டம் முடிந்தது. ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். "பஸ் வந்தா ஏறிடணும். அங்க போய் வீம்பு பண்ணக்கூடாது" என்றார். அவள் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். பஸ் டிரைவரைத் துரத்த ஒரு பஸ்ஸா என்று அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அண்ணன் வீட்டில் இருவருக்கும் நல்ல உபசாரம். ஓட்டத்துக்கு முந்தின மாலை, சாப்பாட்டு மேஜையில் அவர் தன் ஏற்பாட்டை விளக்கினார். கணவர் முடிவுக் கோட்டில் நிற்பதென்றால் நிற்கட்டும், அது அவர் நம்பிக்கை. தான் மட்டும் சரியாக நடுவழியில், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போவதாகச் சொன்னார். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காப்பி, ஒரு கம்பளி, எல்லாம் தயார். "நீ எங்க நின்னுடுவேன்னு எனக்குத் தெரியாதா பாதி?" என்றார். அவர் வாஞ்சையோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. தட்டிலிருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் புறப்படும் இடத்துக்கு வந்ததும் அந்தச் சுருக்கெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. ஆறு வழிச் சாலை. இந்த முனையிலிருந்து கண்ணுக்கெட்டின முனை வரை வெறும் மனிதர்கள். ஒரு வண்டி இல்லை. சாலையை அவள் எப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அதில் இடம் பிடிக்க நாளெல்லாம் சண்டை போடுகிறவள். இங்கே இவ்வளவு பெரிய நகரம் தன் சாலைகளை மொத்தமாகத் துடைத்து, 'இந்தாங்க, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று காலில் வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. துப்பாக்கி வெடித்ததும் யாரும் கத்தவில்லை. ஆயிரக்கணக்கான காலடிகளின் சத்தம் மட்டும் மழை பிடித்தது போல எழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எப்போதும் ஓரமாகவே ஓடிப் பழகியவள், சாலை நடுவில் போட்ட வெள்ளைக் கோட்டை வாழ்க்கையில் முதல்முறையாக மிதித்தாள். இவ்வளவு அகலமா இந்தக் கோடு என்று ஆச்சரியப்பட்டாள்.

முதல் பெரிய சந்திப்பிலேயே மானம் போனது. சாலையை மூடியிருந்தார்களே தவிர, சிக்னல்களை அணைக்கவில்லை. அவை யாருக்காகவோ பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தன. இவள் நெருங்கும்போது சிவப்பு விழுந்தது. வலது கால் தன்னால் அழுந்தியது. நின்றுவிட்டாள். நிறுத்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அச்சு அசலாக. பின்னால் வந்த பருத்த மனிதர் முதுகில் வந்து மோதினார், அவர் மேல் இன்னொருவர். ஓரத்தில் நின்றவர்கள் சிக்னலையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்னொரு கூத்தை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் உள் ஓரத்தை ஒட்டிச் சுருக்கமாகத் திரும்பினார்கள். இவள் மட்டும் வெளிப்பக்கம் ஒதுங்கி, அகலமாக வளைத்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். உள் ஓரத்தை ஒட்டினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடுமே! முதுகுக்குப் பின்னால் பஸ் இல்லை என்பது தலைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அந்த வகையில் அன்று எல்லோரையும் விட அதிக தூரம் ஓடியவள் அவள்தான். இப்படியே ஓடியதில் மெல்ல மெல்லக் கூட்டத்தின் வால் பகுதிக்கு வந்து சேர்ந்தாள்.

ஆனால் வாலில் இருந்து பார்த்ததைத் தலையில் ஓடினவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். வேகமானவர்கள் போய் வெகுநேரம் ஆகியும் ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மாடி ஜன்னலில் வயதானவர் ஒருவர் வாணலியைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில், கையில் ஏறும் மருந்துப் புட்டியோடு சக்கரக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்து நின்று கைதட்டினாள். யாருக்கு யார் கைதட்டுவது? அவளைக் கடந்த பிறகும் இவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் மேல் கண் தெரியாத ஒருவர், பக்கத்தில் ஓடியவரின் மணிக்கட்டோடு தன் மணிக்கட்டை ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வழிகாட்டி வாய் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு, படகு, மேகம் எல்லாவற்றையும் சொல்கிறார் போலிருக்கிறது; கண் தெரியாதவர் சரியாக ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை விட்டுப் போக மனமில்லாமல் அவள் கொஞ்ச தூரம் அவர்கள் பின்னாலேயே ஓடினாள்.

ஓரத்தில் நின்றவர்கள் ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். இவள் வரும்போதெல்லாம் அதே சொல். அந்த ஊர் மொழியில் 'போ, போ' என்பது போல ஏதாவது இருக்கும் என்று நினைத்தாள். வெகு தூரம் கழித்துத்தான் விளங்கியது. மார்பில் குத்தியிருந்த எண்ணுக்குக் கீழே அவள் பெயரை அச்சடித்திருந்தார்கள். அதைத்தான் வாசிக்கிறார்கள். நாக்கில் சுளுக்கு விழுவது போல, நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கி, கடைசியில் ஒன்றை இழுத்து, ஆனாலும் அவள் பெயரைத்தான். உரிமத்துக்குள்ளேயே அடைந்து கிடந்த பெயரை முன்பின் தெரியாத ஒரு ஊரே கூப்பிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

நடுவழி வந்தது. டிராம் நிறுத்தம், மடக்கு நாற்காலி, கம்பளியைத் தோளில் போட்ட அண்ணன். பக்கத்தில் நின்ற கூட்டம் அவள் பெயரைக் கத்தியது. அது தன் தங்கையின் பெயர் என்பது அண்ணன் காதில் ஏறவே இல்லை. நடைபாதை ஓரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே தங்கையைத் தேடிக்கொண்டிருந்தார். அவள்தான் "அண்ணா" என்று கூப்பிட வேண்டியிருந்தது.

அவர் நாற்காலியை விரித்தார். "வா, வா. போதும். இவ்வளவு வந்ததே பெருசு" என்றார். பிளாஸ்கின் மூடியைத் திறந்துவிட்டார், காப்பி வாசனை வந்தது. கால் இரண்டும் அந்த நாற்காலியைப் பார்த்து ஏங்கின.

"நான் போறேண்ணா" என்றாள்.

"எங்க போறே? பஸ் பின்னாலயே வந்துட்டிருக்கு."

"வரட்டும்."

அவள் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் மூடியில்லாத பிளாஸ்கோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீரம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். முழங்கால் வலித்தது, பிறகு இடுப்பு, பிறகு எது வலிக்கவில்லை என்று தேட வேண்டியிருந்தது. பின்னால் பஸ்ஸின் உறுமல் கேட்க ஆரம்பித்தது. அவ்வப்போது 'உஸ்' என்று கதவு திறக்கும், யாராவது ஏறுவார்கள், மறுபடி 'உஸ்' என்று மூடும். காலையில் மான்குட்டியைப் போலத் துள்ளிப் போன இளைஞன் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினான். வாழ்நாளெல்லாம் அவள் திறந்து மூடிய கதவுதான் அது. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறவர்களைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் அவள். பஸ் பிடித்துவிடாமல் இருக்க ஒருத்தி ஓடுவதை எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. உள்ளே மெத்தை இருக்கைகள் இருந்தன. ஏறிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணன் ஒரு வார்த்தை சொல்வார், அதுவும் அன்பாகத்தான் சொல்வார். அதை நினைத்ததும் கால் மறுபடி எழுந்தது.

களைப்பில் புத்தி மழுங்கியிருந்த நேரத்தில் இன்னொரு சிவப்பு வந்தது. கால் மறுபடி நின்றுவிட்டது. ஆளில்லாத அகன்ற சாலையின் நடுவில், வராத வண்டிகளுக்கு வழிவிட்டு, அவள் மட்டும் நின்றாள். முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து உறுமியது. லேசாக ஒரு ஹாரன். திரும்பினாள். முன்கண்ணாடிக்குள் நரைத்த மீசையோடு டிரைவர் சிக்னலைக் காட்டி, இவளைக் காட்டி, என்ன என்பது போலக் கையை விரித்தார். பாஷைக்கு எங்கே போவது? அவள் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கி, பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்துக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் மீசை விரிய அப்படி ஒரு சிரிப்பு. தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, போ போ என்று விரட்டினார். அவள் ஓடினாள்.

அதற்காக அவர் வேகத்தைக் குறைத்துவிடவில்லை. அவருக்குக் கொடுத்த வேகம் அது, அதில்தான் வந்தார். அவளும் டிரைவர், அவர் குறைத்திருந்தால் அவளுக்கே பிடித்திருக்காது. இப்படி ஊர்ந்து ஓட்டினால் முழங்கால் என்ன பாடுபடும் என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து ஓட்டுகிறாரே மனுஷன் என்று அந்த வலியிலும் அவருக்காகப் பரிதாபப்பட்டாள்.

முடிவுக் கோட்டின் மேல் கட்டியிருந்த அலங்கார வளைவு தூரத்தில் தெரிந்தபோது, அவளும் பஸ்ஸும் ஒன்றாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. பஸ்ஸின் மூக்கு அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கதவு திறந்தது. உள்ளே பொறுப்பாளராக இருந்த பெண்மணி படியில் இறங்கி, ஏறிக்கொள் என்று கையை நீட்டினாள். பஸ் வந்தால் ஏறிவிட வேண்டும். கையில் அடித்துக் கொடுத்த சத்தியம். ஆனால் இன்னும் தாண்டவில்லையே. மூக்குதானே வந்திருக்கிறது, முழு பஸ் போகவில்லையே என்று அவள் மனம் வக்கீல் வேலை பார்த்தது. நடுவில் ஒரே ஒரு சந்திப்பு பாக்கி இருந்தது. அங்கே பச்சை எரிந்தது.

அவள் முந்திக்கொண்டு நிறுத்தக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். பச்சை போய் மஞ்சள் வந்தது. பிறகு சிவப்பு.

பின்னால் 'புஸ்ஸ்' என்று ஒரு நீளமான சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த மாதிரி அன்று அந்தச் சாலையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஏர் பிரேக். முழு பிரேக். திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ சிவப்புகளைத் தாண்டி வந்த அந்தப் பஸ், நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்குப்பிள்ளையாக நின்றிருந்தது. குறுக்குச் சாலையில் ஈ காக்கை இல்லை. பொறுப்பாளர் பெண்மணி டிரைவரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, வேறெங்கும் பார்க்காமல் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்வை கலங்கி, சாலை கலங்கி, முடிவு வளைவும் கலங்கித் தெரிந்தது. அதை நோக்கி ஓடினாள். ஓடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு காலை இழுத்து, இன்னொரு காலைத் தூக்கி, எப்படியோ போனாள். இரண்டு பக்கமும் ஜனங்கள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கோடு காலுக்குக் கீழே வந்தது, பின்னால் போனது. முடிந்துவிட்டது. முழுசாக.

கணவர் ஓடி வந்து தன் கோட்டை அவள் மேல் போர்த்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஏதாவது கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பஸ் வந்தா ஏறணும்னு சொன்னேன்ல?"

"வரலையே. சிக்னல்ல நிக்குது" என்றாள்.

பச்சை விழுந்த பிறகு பஸ் நிதானமாக வந்து சேர்ந்தது. டிரைவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கி நொண்டி நொண்டி வந்தார். தூரத்து சிக்னலைக் காட்டி, தோளைக் குலுக்கி, நான் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார். முகத்தை மட்டும் சிரிக்காமல் வைத்துக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன உள்ளங்கை, அவளுடையதைப் போலவே.

அப்போதுதான் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். எழுத்து விழுங்காமல், இழுக்காமல், அம்மா கூப்பிடுவது போலச் சுத்தமாக. நாள் முழுக்க ஒரு ஊரே கூப்பிட்டுப் பழக்கியிருந்ததால் அவள் சட்டென்று திரும்பினாள்.

அண்ணன் நின்றார். சாலைகள் மூடியிருந்ததால் காரை எடுக்க முடியவில்லை. ஓட்டப் பாதை சுற்றி வளைத்துப் போக, அவர் சந்து சந்தாகக் குறுக்கே புகுந்து, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருந்தார். முதல் மாடிக்குக்கூட லிஃப்டில் போகிற மனிதர். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. கம்பளி இழுபட்டுத் தரையைக் கூட்டியது. பிளாஸ்கை எங்கேயோ விட்டுவிட்டார். நாற்காலியை மட்டும் விடாமல் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மறுபடியும் அவள் பெயரைச் சொன்னார். நாற்காலியை விரித்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். அண்ணனின் காலைப் பார்த்தாள்.

"நான் வருஷம் பூரா உக்காந்துதான் இருக்கேன்" என்று அவர் தோளைப் பிடித்து மெதுவாக அமர்த்தினாள். "நீ உக்காருண்ணா. பாதி ஊரை நடந்து வந்திருக்கே."